கார்னிஸ், ப்ராக்கெட்டு, பூவேலை: எத எதுல மாடல் பண்றது?

போன மாசம் ஒரு தம்பி வாட்ஸப்புல ஒரு போட்டோ அனுப்பியிருந்தாரு. பாரிமுனைக்குப் பின்னாடி ஒரு சந்துல இருக்கற பழைய வீடு, முன்பக்கம் முழுக்க சுண்ணாம்புக் காரைல இழுத்த கார்னிஸ் (சுவர் மேல நீளமா ஓடற அலங்காரப் பட்டை), பாராபெட்டுக்குக் கீழ வரிசையா ப்ராக்கெட்டு (தாங்கற மாதிரி வெளில நீட்டிக்கிட்டிருக்கற கட்டை), ஜன்னலுக்கு மேல ஆர்ச், ஆர்ச்சுக்கு நடுவுல ஒரு பூ, இது எல்லாத்தையும் பாதி மறைச்சுக்கிட்டு கேபிள் ஒயரு. "அண்ணா, இத ரெவிட்லயே பண்ணிடவா, இல்ல ஸ்கெட்ச்அப்ல பண்ணி உள்ள கொண்டு வரவா, ப்ளெண்டர் கத்துக்கணுமா?"ன்னு கேட்டிருந்தாரு. (மூணும் கம்ப்யூட்டர்ல 3டி மாடல் பண்ற சாஃப்ட்வேர், ரெவிட் கட்டடத்துக்குன்னே உள்ளது.) அதே வாரத்துல இன்னொருத்தங்க, இவங்க ஈ.சி.ஆர்ல புது வில்லா பண்றாங்க, க்ளையண்ட்டுக்கு செட்டிநாடு லுக் வேணுமாம், கேள்வி கிட்டத்தட்ட அதேதான். ரெண்டு பேருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்ட கட்டிடுச்சு, அதான் எழுதியே வச்சிடலாம்னு.

என் கட்சி என்னன்னு மொதல்லயே சொல்லிடறேன். எந்த சாஃப்ட்வேர்ங்கறது ரெண்டாவது கேள்வி. அந்த மாடல்லேருந்து கடைசில அளவெடுக்கப் போறது யாரு, அதுதான் மொதல் கேள்வி. மேஸ்திரியா, ஜி.ஆர்.சி (கண்ணாடி நார் சேத்த கான்கிரீட்) வார்க்கறவரா, ரெண்டர் (நெஜ போட்டோ மாதிரி படம்) பண்ற பையனா, பில் போடற குவான்டிட்டி ஆளா? நாலு பேருக்கும் வேண்டியது வேற வேற, ஒரே மாடல்ல நாலு பேரையும் திருப்திப்படுத்தப் போனா ஃபைல் திறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம்.

## ஓடறது எது, உக்காந்திருக்கறது எது

எந்தக் கல் கோயிலுக்கு வேணா போங்க, சந்நிதிச் சுவரோட அடிப்பகுதிய ஒரு அஞ்சு நிமிஷம் பாருங்க. உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகைன்னு அடுக்கடுக்கா ஓடும். குமுதம் சில எடத்துல உருண்டையா இருக்கும், சில எடத்துல மூணு பட்டையா இருக்கும், ஆனா ஒரு சுத்து முழுக்க அதே வெட்டுதான் (குறுக்க அறுத்தா தெரியற உருவம்), மூலைல திரும்பும், மறுபடி ஓடும். மேல நிமிந்து பாத்தா கபோதம் (வளைஞ்சு வெளில நீட்டற கூரை விளிம்பு), அதுவும் ஓடுது, ஆனா அதுல இருக்கற கூடு (லாட வடிவ அலங்காரம்) ஓடல, எடைவெளி விட்டு ஒண்ணொண்ணா உக்காந்திருக்கு. தூண் மேல இருக்கற போதிகையும் அப்படித்தான்.

இந்த ஒரு பிரிவினை பண்ணிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது. ஓடறது எல்லாம் ஒரு வெட்டும் ஒரு பாதையும், அதாவது ப்ரொஃபைல் ஒண்ணு, அது போற வழி ஒண்ணு. உக்காந்திருக்கறது எல்லாம் தனிப் பொருள், ஒரு தடவ பண்ணி பல எடத்துல வைக்கறது. பொதுவா மாட்டிக்கறவங்க எங்க மாட்டிக்கறாங்கன்னா, ப்ராக்கெட்டையும் கார்னிஸையும் சேத்து ஒரே உருவமா பண்ணிடுவாங்க, அப்புறம் சுவர் 150 மிமீ நகந்தா எல்லாத்தையும் மறுபடி பண்ணணும்.

## எத வச்சு தேர்ந்தெடுக்கறது

நான் பாக்கறது அஞ்சு விஷயம். ஒண்ணு, வெட்டுல அளவு சரியா எடுக்க முடியுதா. ரெண்டு, க்ளையண்ட் மனசு மாறினா எவ்வளவு நேரம் போகும், மாறுவாங்க, அதுல சந்தேகமே வேணாம். மூணு, ரன்னிங் மீட்டரும் எண்ணிக்கையும் கணக்கு வருதா. நாலு, ஃபைல் கனம். அஞ்சு, பேப்பர்ல எப்படி விழுது.

அஞ்சாவத யாரும் யோசிக்கறதில்ல, அதனால கொஞ்சம் சொல்றேன். 1:100 எலிவேஷன்ல (முகப்பு வரைபடத்துல) 10 மிமீ படி பேப்பர்ல 0.1 மிமீ தான். மெல்லிசு கோடே 0.13 மிமீ தடிமன். அப்போ 10 மிமீக்கு ஒரு படின்னு எட்டு படி இருக்கற கார்னிஸ் 1:100ல எட்டு கோடா வராது, ஒரு கறுப்புப் பட்டையா வரும், சைட்டுல அத பாக்கறவரு பீம் போலன்னு நெனச்சுக்குவாரு. அதே கார்னிஸ் 1:20ல போட்டா ஒவ்வொரு படியும் 0.5 மிமீ, நல்லா பிரிஞ்சு தெரியும். அதனால எதுல பண்ணாலும், தூரத்துலேருந்து பாக்கறப்ப பாதிய மறைக்கத் தெரியணும். இது முடியாத வழின்னா அதுக்கு மார்க் கொறைங்க.

## ரெவிட் வால் ஸ்வீப்

ஓடற விஷயத்துக்கு, ரெவிட்ல ப்ராஜெக்ட் போயிட்டிருக்குன்னா, வேற எங்கயும் போகாதீங்க. ப்ரொஃபைல் ஃபேமிலி ஒண்ணு வரைங்க (ரெவிட்ல ஒரு தடவ பண்ணி வச்சு பல எடத்துல போடறதுக்குப் பேரு ஃபேமிலி), அத வால் ஸ்வீப்பா, அதாவது சுவர் நெடுக அந்த வெட்ட ஓட்டறதா, போடுங்க, மூலைல தானே திரும்பிக்கும், சுவர் நீண்டா கூடவே நீளும். தனியா போட்ட ஸ்வீப்ப க்ளிக் பண்ணா ப்ராப்பர்ட்டீஸ்ல நீளமே வந்துடும், குவான்டிட்டி ஆளு உங்களுக்கு போன் பண்ண மாட்டாரு. அதையே சுவர் டைப்புக்குள்ள (அந்த வகைச் சுவர் எல்லாத்துக்கும் பொதுவான செட்டிங்) கட்டி வச்சிடலாம், ஆனா அப்புறம் தனியா தொட முடியாது. ஒரு ஜன்னலுக்கிட்ட மட்டும் கார்னிஸ் நிக்கணும்னு சொன்னா திண்டாட்டம். அதனால வில்லா மாதிரி வேலைக்கு தனியா போடறதுதான் என் வழக்கம், வரிசையா ஒரே மாதிரி ஃப்ளாட்டுன்னா டைப்புக்குள்ள.

செலவு எங்க ஒளிஞ்சிருக்குன்னா, ப்ரொஃபைல் வரையறதுலதான். ஆட்டோகேட்ல யாரோ ட்ரேஸ் பண்ணின வளைவ அப்படியே கொண்டு வந்து வச்சீங்கன்னா அதுல அரை மிமீ துண்டுக் கோடுங்க நூறு இருக்கும். ரெவிட் சுமாரா 0.8 மிமீக்குக் கீழ இருக்கற கோட்ட ஏத்துக்காது, கோடு ரொம்ப சின்னதுன்னு ஒரு எச்சரிக்கை காட்டி நிக்கும், நீங்க எந்தக் கோடுன்னு தேடிக்கிட்டே இருப்பீங்க. வழி ஒண்ணுதான், ட்ரேஸ தூக்கிப் போட்டுட்டு நேர்கோடும் ஆர்க்கும் வச்சு நீங்களே மறுபடி வரையறது. ஒரு கார்னிஸுக்கு பன்னெண்டு பதினஞ்சு கோடுக்கு மேல தேவைப்படாது. லூப் மூடியிருக்கணும், ஒண்ண ஒண்ணு வெட்டக்கூடாது.

இன்னொண்ணு, வளைஞ்ச சுவர். போர்டிகோல அரைவட்டமா ஒரு சுவர், அதோட உள்பக்கம் ஒரு பெரிய கார்னிஸ் ஓட்டணும்னு வைங்க. கார்னிஸோட நீட்டம் வளைவோட ஆரத்த விட பெருசா இருந்தா உருவம் தன்னைத்தானே வெட்டிக்கும், ரெவிட் முடியாதுன்னு சொல்லிடும். இது ரெவிட்டோட தப்பு இல்ல, சைட்டுலயும் அத இழுக்க முடியாது.

அப்புறம் ஜன்னல், கதவு. ஸ்வீப் டைப்புல ஓபனிங் வெட்டலாமா வேணாமான்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, அத பாக்காம விட்டா கதவுக்குக் குறுக்கால ஸ்கர்ட்டிங் (சுவரோட அடிப்பட்டை) ஓடும். ரெண்டர்ல அத பாத்துட்டு க்ளையண்ட் கேட்டதுக்கு நான் "வாசப்படி மேடம்"னு சமாளிச்சிருக்கேன், வேற என்ன பண்றது.

## ரெவிட் ஃபேமிலி, இன்‑பிளேஸ்

உக்காந்திருக்கறதுக்கு ஃபேமிலி. ப்ராக்கெட்டு, போதிகை, ஆர்ச் நடுவுல இருக்கற பூவுக்கு அடில வர்ற கல்லு. இதுல நான் விரும்பறது, ஒவ்வொண்ணுக்கும் மூணு அளவு விவரம் வைக்கலாம். தூரத்துக்கு வெறும் பெட்டி, நடுவுக்கு வெளிக்கோடு, கிட்டக்க முழு உருவம். மேல சொன்ன பேப்பர் பிரச்சனைக்கு இதுதான் மருந்து.

வரிசையா வர்றதுக்கு கோடு அடிப்படைல ஒரு ஃபேமிலி பண்ணி அதுக்குள்ள ப்ராக்கெட்ட அரே (வரிசையா காப்பி) போடுங்க. நீளத்த எடைவெளியால வகுத்து முழு எண்ணா ரவுண்ட் பண்ணி ஒண்ணு கூட்டினா எண்ணிக்கை. 11.4 மீட்டர் சுவர், 600 மிமீ எடைவெளி, 19 எடைவெளி, 20 ப்ராக்கெட்டு. செட்பேக் (எல்லைலேருந்து விட வேண்டிய எடம்) பிரச்சனைல சுவர் 11.25 மீட்டர் ஆச்சுன்னா அதே 20 ப்ராக்கெட்டு, எடைவெளி தானா 592 மிமீ ஆயிடும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கையால வச்சிருந்தீங்கன்னா கடைசி ப்ராக்கெட்டு மூலைல பாதி வெளில தொங்கும்.

இன்‑பிளேஸ் பக்கம், அதாவது தனி ஃபேமிலியா சேவ் பண்ணாம ப்ராஜெக்டுக்குள்ளயே நேரா பண்ற உருவத்துப் பக்கம், மட்டும் ஜாஸ்தி போகாதீங்க. எங்கயோ ஒரு எடத்துல ஒரே ஒரு தடவ வர்ற விநோத உருவத்துக்கு சரி, எதாவது ஸ்லாப் விளிம்பப் பிடிச்சுக்கிட்டு ஓடற ஸ்வீப்புக்கும் சரி. ஆனா அத காப்பி அடிச்சா ஒவ்வொரு காப்பியும் தனி உருவமா சேரும், ஒண்ண மாத்தினா இன்னொண்ணு மாறாது. 20 ப்ராக்கெட்ட இன்‑பிளேஸா காப்பி அடிச்ச ஒரு ஃபைல் என்கிட்ட வந்துச்சு. அனுப்பினவர திட்டலாம்னு பாத்தா, ஆறு வருஷம் முன்னாடி நானே பண்ணினது.

மறைஞ்ச செலவு இன்னொண்ணும் இருக்கு. புது வெர்ஷன்ல சேவ் பண்ணின ரெவிட் ஃபைல பழைய வெர்ஷன்ல திறக்க முடியாது, ஃபேமிலிக்கும் அதே கதைதான். மூணு நாள் உக்காந்து பண்ணின போதிகைய ஸ்ட்ரக்சர் ஆபீஸ்ல பழசு வச்சிருக்காங்கன்னு மறுபடி பண்ண வேண்டி வரும். அதனால லைப்ரரிக்குன்னு பண்றத, உங்க வட்டத்துல இருக்கறதுலயே பழைய வெர்ஷன்ல பண்ணி வைங்க.

## ஸ்கெட்ச்அப் ஃபாலோ மீ

வேகம்னா இதுதான். வெட்ட வரை, பாதைய செலக்ட் பண்ணு, ஃபாலோ மீ, முடிஞ்சுது. க்ளையண்ட் எதிர்ல உக்காந்திருக்கறப்ப "இன்னும் கொஞ்சம் வெளில நீட்டலாமா"ன்னு கேட்டா அங்கயே பண்ணிக் காட்டலாம், ரெவிட்ல அந்த தைரியம் எனக்குக் கிடையாது. வில்லா பண்றவங்க மொதல் ரெண்டு மீட்டிங்குக்கு கண்ண மூடிக்கிட்டு இதுல பண்ணுங்க.

ஆனா சின்ன உருவத்துல ஓட்டை விழும். அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்குக்குள்ள வர்ற ரெண்டு புள்ளிய ஸ்கெட்ச்அப் ஒண்ணா எடுத்துக்கும், அதனால குட்டி வளைவுல முகம் உருவாகாம ஓட்டையா நிக்கும். காம்பொனென்ட்டா (ஒண்ண மாத்தினா எல்லா காப்பியும் மாறற பொருளா) மாத்தி, ஒரு காப்பிய நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ பெருசு பண்ணி, அதுக்குள்ள போய் ஃபாலோ மீ பண்ணிட்டு, பெருச அழிச்சிட்டா சின்னது சரியா இருக்கும். இது தெரியாம ஓட்டைய ஒவ்வொண்ணா கோடு போட்டு அடைச்சவங்க எவ்வளவோ பேரு, நானும் ஒருத்தன்.

இன்னொரு விஷயம், அதுல வட்டமே கிடையாது, வட்டம்னு நீங்க நெனைக்கறது 24 நேர்கோடு. ஆர்க்குன்னா 12 துண்டு. மூணு ஆர்க் இருக்கற கார்னிஸ ஒரு வட்டத் தூண சுத்தி ஓட்டினீங்கன்னா 36 துண்டு தடவ 24, அதாவது 864 முகம், நேர்ப் பகுதி இதுல சேரல. நாலு தூணுக்கு ஒண்ணும் ஆகாது, நாப்பது தூணுன்னா யோசிக்கணும். முக்கியமா அந்த உருண்டைலேருந்து மேஸ்திரிக்கு ஆரம் எடுத்துக் குடுக்காதீங்க. மறைஞ்ச செலவு கடைசில வரும்: வொர்க்கிங் ட்ராயிங் ரெவிட்லன்னா இதெல்லாம் மறுபடி பண்ணணும், இறக்குமதி பண்ணா முக்கோணக் கோடெல்லாம் எலிவேஷன்ல தெரியும்.

## ஆர்க்கிகேட்

இதுவும் ரெவிட் மாதிரி கட்டடத்துக்குன்னே உள்ள சாஃப்ட்வேர். ஆபீஸ்ல இது இருந்தா நீங்க அதிர்ஷ்டக்காரங்க, அவ்வளவுதான் சொல்வேன். காம்ப்ளெக்ஸ் ப்ரொஃபைல்னு வெட்ட ஒரு தடவ வரைஞ்சு சுவருக்கும் பீமுக்கும் தூணுக்கும் போடலாம், உக்காந்திருக்கற பொருளுக்கு மார்ஃப் (இஷ்டத்துக்கு இழுத்து வளைக்கற உருவம்) இருக்கு, 2012ல 16ஆவது வெர்ஷன்ல வந்தது. ஆனா இதுக்காக மட்டும் மாறறதுன்னா கூட வேலை செய்யற ஸ்ட்ரக்சர், எம்.இ.பி (ஏ.சி, கரண்ட், ப்ளம்பிங்) ஆளுங்க என்ன வச்சிருக்காங்கன்னு கேட்டுட்டு மாறுங்க.

## ப்ளெண்டர், ரைனோ

பூ, கொடி, யாளி முகம், இலை மடிப்பு. இதெல்லாம் ரெவிட்ல பண்ணப் பாக்கறது கரண்டியால சுவர் இடிக்கற மாதிரி. ப்ளெண்டர் காசில்லாதது, ஓடற விஷயமும் அதுல சுலபம்தான், ஒரு கர்வுக்கு இன்னொரு கர்வ வெட்டா குடுத்தா கார்னிஸ் வந்துடும், அரேய கர்வ் நீளத்துக்கு பொருத்தற வசதியும் உண்டு. ரைனோ காசு குடுத்து வாங்கணும், ஆனா வளைவு நெஜ வளைவு, சி.என்.சி (கம்ப்யூட்டர் மெஷின்ல வெட்டறது) பண்றவருக்கு அனுப்பறதா இருந்தா இதுதான்.

ப்ளெண்டர்ல பண்ணத அப்படியே ரெவிட்டுக்குள்ள தள்ளாதீங்க. ஒரு ப்ராக்கெட்டு 40,000 முக்கோணம்னு வைங்க, சுத்தி வர 64 ப்ராக்கெட்டு, மொத்தம் 25,60,000 முக்கோணம், 3டி வியூவ சுத்தினா கம்ப்யூட்டர் ஃபேன் மெரினா காத்து மாதிரி அடிக்கும். நான் பண்றது, ரெவிட்ல பெட்டி மாதிரி ஒரு பதிலி, ரெண்டர்ல அதே எடத்துல நெஜம்.

## போட்டோ, ஸ்கேன்

பழைய வீட்டு தம்பிக்கு இது ஆசையா இருக்கும். சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் மாதிரி, அது ராபர்ட் சிஸ்ஹோம்ங்கற ஆர்க்கிடெக்டோட, 1879ல முடிஞ்ச கட்டடம், அப்படி ஒண்ண பழுது பாக்கறதுக்கு முன்னாடி உள்ளது உள்ளபடி பதிவு பண்ணி வைக்கறதுன்னா ஸ்கேன் (லேசராலயோ நெறைய போட்டோவாலயோ 3டி உருவம் எடுக்கறது) தவிர வேற வழி சரிப்படாது, எங்க எது சரிஞ்சிருக்கு, எங்க உதிர்ந்திருக்குங்கறதும் அந்தப் பதிவுல சேத்தி. ஆனா அத மாடல்னு நெனச்சு ஏமாறாதீங்க.

காரணம் பெயிண்டு. நம்ம ஊர்ல பழைய வீடுன்னா பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு, அதுக்கு மேல டிஸ்டெம்பர், அதுக்கு மேல எமல்ஷன். கூர்மையா இருந்த விளிம்பெல்லாம் உருண்டு போயிருக்கும், பள்ளமெல்லாம் தூந்திருக்கும். ஸ்கேன் எடுக்கறது அந்தப் பெயிண்டோட உருவத்த. நான் ஒரு வீட்டுல ஸ்கேன்லேருந்து வெட்டு எடுத்து அழகா வரைஞ்சு குடுத்தேன், ஒரு மூலைல கையகலம் சுரண்டிப் பாத்தா உள்ள ரெண்டு தனித்தனி படி இருந்துச்சு, என் ட்ராயிங்ல அது ஒரே வளைவு. அப்புறம் சுரண்டின எடத்துல அட்டைய வெட்டி வச்சு கையால எடுத்த அளவுதான் சரியா வந்துச்சு. இன்னொண்ணு, போட்டோலேருந்து எடுக்கறதா இருந்தா ஒரு மீட்டர் ஸ்கேல சுவர்ல ஒட்டிட்டு எடுங்க, இல்லன்னா உருவம் வரும், அளவு வராது.

## பண்ணாமலே விடறது

இதையும் ஒரு வழியா எண்ணுங்க. சுவர் மேல ஒரு பெட்டி நீட்டல், அதுக்கு மேல எலிவேஷன்ல 2டி கோடு, பக்கத்துல 1:5ல ஒரு டீட்டெயில். சின்ன வேலை, ஒரே ஒரு முகப்பு, ரெண்டர் கேக்காத க்ளையண்ட்னா இதுவே போதும், அரை நாள் வேலை. ஆபத்து என்னன்னா மாடல்ல சுவர் நகந்தா கோடு கூட நகராது, செக்‌ஷன்ல ஒண்ணு, எலிவேஷன்ல ஒண்ணுன்னு நிக்கும்.

| | அளவு | மாத்தறது | கணக்கு | கனம் | எதுக்கு |
|---|---|---|---|---|---|
| வால் ஸ்வீப் | சரி | சுலபம் | வரும் | லேசு | ஓடற எல்லாம் |
| ரெவிட் ஃபேமிலி | சரி | சுலபம் | வரும் | நடுத்தரம் | ப்ராக்கெட்டு, தூண் தலை |
| ஸ்கெட்ச்அப் | வளைவுல சுமார் | ரொம்ப சுலபம் | கையால | நடுத்தரம் | மொதல் மீட்டிங் |
| ப்ளெண்டர் | கண்ணளவு | கஷ்டம் | வராது | கனம் | பூ, யாளி, ரெண்டர் |
| ஸ்கேன் | பெயிண்டோட அளவு | முடியாது | வராது | ரொம்ப கனம் | பதிவு |
| 2டி | சரி | மறந்துடும் | கையால | இல்லவே இல்ல | சின்ன வேலை |

ஆர்க்கிகேட்ட டேபிள்ல சேக்கல, ரெவிட் மாதிரியேதான்.

## ரெண்டு பேருக்கும் பதில்

வில்லா பண்றவங்களுக்கு: மொதல்ல ஸ்கெட்ச்அப், டிசைன் ஓகே ஆனதும் ரெவிட்ல வால் ஸ்வீப்பும் ஃபேமிலியும். அதுக்கு முன்னாடி ஜி.ஆர்.சி பண்றவருகிட்ட அவருகிட்ட ஏற்கெனவே இருக்கற மோல்டோட வெட்டு ட்ராயிங் கேளுங்க. நீங்களா ஒரு கார்னிஸ் கற்பன பண்ணினா புது மோல்டுக்கு தனி காசு, அவருகிட்ட இருக்கறத ப்ரொஃபைலா வரைஞ்சா அந்தக் காசு மிச்சம். ரூமுக்குள்ள பி.ஓ.பி (ப்ளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கார்னிஸுக்கும் அதேதான்.

தம்பிக்கு: ஸ்கேன் எடுத்து வைங்க, ஆனா ஒதுக்கி வைங்க. சுரண்டி, அட்டை வெட்டி, வெட்டு எடுங்க. ஓடறது வால் ஸ்வீப், ப்ராக்கெட்டு ஃபேமிலி, பூவுக்கு ஒரு பெட்டியும் ஒரு போட்டோவும் போதும். ஏன்னா அந்தப் பூவ திருப்பிப் பண்ணப் போறவரு சுதை வேலைக்காரரு, அவரு உங்க முக்கோணத்த பாக்க மாட்டாரு, பக்கத்து ஜன்னல்ல உடையாம இருக்கற பூவத்தான் பாப்பாரு.

அப்புறம் அந்த வெட்ட 1:1ல பிரிண்ட் எடுத்து மேஸ்திரிகிட்ட குடுங்க. அவரு அத தகரத்துல ஒட்டி, வெட்டி, விளிம்ப ராவி, மரக்கட்டைல அடிச்சு, சுவர்ல கட்டின ரீப்பர் (மரச்சட்டம்) மேல வச்சு ஈரக் காரை மேல இழுப்பாரு. பாத்தீங்கன்னா அதுவும் வெட்டும் பாதையும்தான், வால் ஸ்வீப்புக்கு அண்ணன். நான் மொதல் தடவ குடுத்தப்ப பிரிண்டர்ல பேப்பருக்குப் பொருத்துன்னு இருந்தத கவனிக்கல, 97 சதவீதத்துல வந்துடுச்சு, 300 மிமீ கார்னிஸ் 291 ஆயிடுச்சு, பழைய துண்டோட சேரற எடத்துல 9 மிமீ படி. ஒரு நாள் காரைய உடைச்சாங்க. அதுலேருந்து ஷீட் ஓரத்துல 100 மிமீன்னு எழுதி ஒரு கோடு போட்டுடறேன். இப்பல்லாம் மேஸ்திரி பேப்பர வாங்கினதும் வெட்ட பாக்கறதே இல்ல, மொதல்ல அந்தக் கோட்டு மேல டேப்ப வைக்கறாரு.